சிடி கொசுறா, விற்பனையா? பிரின்ஸோட 2004 மியூசிகாலஜி டூர்: முழு நிகழ்வு ஆய்வு

2004 மார்ச் 29, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேபிள்ஸ் சென்டர். டிக்கெட்டைக் காட்டிட்டு உள்ள நுழையற ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு சிடி கொடுக்கறாங்க. மியூசிகாலஜி, அமெரிக்கப் பாடகர் பிரின்ஸோட புது ஆல்பம். அமெரிக்க கடைகளுக்கு அது வர ஏப்ரல் 20 ஆகும், இன்னும் மூணு வாரம் கிடக்கு. யாரும் காசு கேக்கல, ஏன்னா காசு ஏற்கனவே வாங்கியாச்சு, டிக்கெட் விலையிலேயே சிடிக்கு சுமார் 10 டாலர் சேர்த்துதான் வச்சிருந்தாங்க. புருஷன் பொண்டாட்டியா வந்தா ரெண்டு சிடி. நாலு பேரா வந்தா நாலு சிடி, நாலும் அதே சிடிதான், எனக்கு வேணாம் அந்த 10 டாலரை திருப்பிக் கொடுங்கன்னு கேக்கவும் வழி இல்ல.

அந்த சிடியை என்னன்னு எடுத்துக்கறது? கொசுறா, இல்ல வித்த சரக்கா? கேக்க சின்ன கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனா அமெரிக்க ஆல்பம் சார்ட்டோட (வாராவாரம் எந்த ஆல்பம் அதிகம் வித்துச்சுன்னு போடற வரிசைப் பட்டியல்) விதியையே ரெண்டு மாசத்துல மாத்த வச்சது இந்தக் கேள்விதான், அதோட வால் 2020 வரைக்கும் நீண்டுச்சு. மூத்த ராக் கலைஞர் ஒருத்தர் புது ஆல்பம் போட்டுட்டு அரங்கம் அரங்கமா டூர் கிளம்பறாருன்னா அதுல காசு எங்க இருக்கு, அந்த புது ஆல்பத்துக்கு அதுல என்ன வேலை, இதெல்லாம் புரியணும்னா எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல கேஸ் கிடையாது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஆள் எங்க இருந்தாரு

பிரின்ஸோட முதல் ஆல்பம் 1978ல. 1984ல வந்த பர்ப்பிள் ரெயின் பில்போர்டு பத்திரிகையோட ஆல்பம் சார்ட்ல 24 வாரம் முதல் இடத்துல உக்காந்திருந்துச்சு. அப்புறம் வார்னர்ங்கற அவரோட ரெக்கார்டு கம்பெனி கூட சண்டை. கம்பெனி சொன்னது, ஒரு ஆல்பம் போட்டா அது நல்லா வித்து ஓயற வரைக்கும் அடுத்ததை வெளியிடாதே, சந்தையை நீயே நிரப்பி உன் சரக்கை நீயே மலிவாக்காதேன்னு. இவருக்கோ பாட்டு ஊத்து மாதிரி வந்துட்டே இருக்கு, பெட்டகத்துல அடுக்கி வைக்க இடம் இல்ல. அதுக்கும் மேல, தான் பாடி தானே வாசிச்ச ஒலிப்பதிவோட மாஸ்டர், அதாவது மூலப் பதிவு, கம்பெனிக்கு சொந்தம்ங்கறது அவருக்கு ஜீரணமே ஆகல. 1993ல பேரையே தூக்கிப் போட்டுட்டு, வாயால சொல்ல முடியாத ஒரு குறியீட்டை பேரா வச்சுக்கிட்டாரு, கன்னத்துல 'அடிமை'ன்னு எழுதிக்கிட்டு மேடை ஏறினாரு. பாதி பேர் பைத்தியம்னாங்க. ஆனா கேஸைப் புரிஞ்சுக்க இது முக்கியம், ஏன்னா 2004ல அவர் பண்ணின எல்லாத்துக்கும் வேர் இங்கதான் இருக்கு: சரக்கு யாருது, அதை எப்ப எப்படி விக்கறதுன்னு யார் முடிவு பண்றது.

1996ல வார்னர்ல இருந்து வெளிய வந்தாரு, வந்த கையோட ஒரே ஆல்பமா மூணு சிடி போட்டாரு (மனுஷனுக்கு அடக்கமே கிடையாது). 2000ல பழைய பேருக்குத் திரும்பினாரு. 2001ல இன்டர்நெட்ல சந்தா கட்டி சேர்ற ஒரு கிளப் ஆரம்பிச்சு, நேரா ரசிகர்களுக்கே பாட்டு வித்தாரு. 2003ல ஒரு ஆல்பம், பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம், நாலு டிராக், ஒவ்வொண்ணும் 14 நிமிஷம். தீவிர ரசிகன் வாங்கினான், ஊர் உலகத்துக்கு அப்படி ஒண்ணு வந்ததே தெரியாது. ஆக 2003 கடைசியில நிலைமை என்னன்னா, கைத்திறமைல ஒரு குறையும் இல்ல, சுதந்திரம் இருக்கு, சொந்த லேபிள் (ரெக்கார்டு கம்பெனி) இருக்கு, ஆனா பொது ஜனத்துக்கு அவர் 'அந்த 80கள்ல பாடினவர்'.

அப்புறம் 2004 பிப்ரவரி 8. கிராமி விழாவோட முதல் நிகழ்ச்சியே பிரின்ஸும் பியான்ஸேயும் சேர்ந்து. நடந்த இடம் அதே ஸ்டேபிள்ஸ் சென்டர், ஏழு வாரம் கழிச்சு டூர் களைகட்டப் போற அதே கூரை. மார்ச் 15 நியூயார்க்ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது பெரிய ராக் கலைஞர்களை கௌரவிக்கற பட்டியல்ல, அவரை சேர்க்கறாங்க, அலிஷியா கீஸ் பேசி வரவேற்கறாங்க. அன்னிக்கு ராத்திரி கடைசியில மறைந்த பீட்டில்ஸ் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு மரியாதையா டாம் பெட்டி, ஜெஃப் லின், ஸ்டீவ் வின்வுட், ஹாரிசனோட பையன் தானி எல்லாரும் சேர்ந்து ஒரு பீட்டில்ஸ் பாட்டு வாசிக்கறாங்க, பிரின்ஸ் ஓரமா சிவப்பு தொப்பி போட்டுக்கிட்டு சும்மா நின்னுட்டு இருக்காரு, பாட்டு முடியற நேரத்துல முன்னாடி வந்து கிதார் சோலோ எடுக்கறாரு பாருங்க, எடுத்து முடிச்சிட்டு கிதாரை மேல தூக்கி எறிஞ்சிட்டு திரும்பிப் பாக்காம நடந்து போயிடறாரு. அந்த வீடியோ இன்னிக்கும் சுத்திட்டு இருக்கு. இதெல்லாம் தற்செயலா அமைஞ்சதுன்னு நான் நம்ப மாட்டேன். ஆறு வாரத்துல ரெண்டு பெரிய மேடை, உடனே டூர், உடனே ஆல்பம். டூர் போட்டவங்க யாரோ காலண்டரை கையில வச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்காங்க.

கணக்கு

சாதாரணமா ஒரு பெரிய லேபிள்ல ஆல்பம் எப்படி ஓடும்? கம்பெனி முன்பணம் கொடுக்கும், ஒலிப்பதிவு செலவு, வீடியோ செலவு, விளம்பரத்துல ஒரு பகுதி எல்லாம் கலைஞர் கணக்குல பற்று எழுதும், அதெல்லாம் கழிஞ்ச பிறகுதான் ராயல்டின்னு கைக்கு எதாவது வரும், அதுவும் சிடிக்கு ஒரு டாலர் ரெண்டு டாலர் அளவுல. மாஸ்டர் கம்பெனிக்கே. அதாவது ஆல்பம்ங்கறது கம்பெனியோட தொழில், டூர்ங்கறது கலைஞரோட தொழில். கம்பெனி பார்வையில டூர் எதுக்குன்னா ஆல்பம் விக்கறதுக்கு. கலைஞர் பார்வையில ஆல்பம் எதுக்குன்னா டூருக்கு ஒரு காரணம் வேணுமே, அதுக்கு. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போனாலும் போற ஊர் வேற.

பிரின்ஸ் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனி கூட போட்டது வேற மாதிரி ஒப்பந்தம். ஒரே ஒரு ஆல்பத்துக்கு மட்டும். முன்பணம் வேணாம், மாஸ்டர் என்னோடது, நீங்க கடைகள்ல விநியோகம் பண்ணி விளம்பரம் பண்ணுங்க, அதுக்கான பங்கு எடுத்துக்குங்க. ஆல்பம் அவரோட சொந்த என்பிஜி லேபிள் பேர்லயே வருது. ஆக ஆல்பமும் அவரோட தொழில், டூரும் அவரோட தொழில். ரெண்டு கல்லாவும் ஒருத்தர்கிட்டயே இருந்தா ரெண்டையும் ஒண்ணா கட்டி விக்க யாரையும் கேக்க வேண்டியதில்ல. டிக்கெட்டோட சிடிங்கற யோசனை அவருக்கு மட்டும் தோணினது ஏன்னு கேட்டா, மத்தவங்களுக்கு தோணியிருந்தாலும் பண்ணியிருக்க முடியாதுங்கறதுதான் பதில். லேபிள்காரன் விட மாட்டான்.

இப்ப எண்ணிக்கை. அந்த டூர் மொத்தம் வசூல் பண்ணினது 8 கோடியே 74 லட்சம் டாலர், பார்த்தவங்க சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்க, ஒரு டிக்கெட் 59 டாலர் சொச்சம் வரும், அதுல சிடியும் அடக்கம். அதே 2004ல மடோனாவோட ரீ-இன்வென்ஷன் டூர் 56 ஷோ, சுமார் 9 லட்சம் பேர், 12 கோடியே 50 லட்சம் டாலர், அதாவது ஒரு டிக்கெட்டுக்கு 140 டாலருக்கு பக்கத்துல. மூத்த கலைஞர்கள் டூர்னாலே டிக்கெட் விலை வானத்துக்கு ஏறிட்டு இருந்த காலம் அது, ரசிகன் இப்ப வேலைக்குப் போய் சம்பாதிக்கறான், கொடுப்பான்னு எல்லாருக்கும் தெரியும். பிரின்ஸ் அந்த வழியில போகல, விலையை கீழ வச்சு கூட்டத்தை பெருசாக்கினாரு. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த வருஷத்துக்கு போட்ட கணக்குல இசைக்காரங்கள்லயே அதிகம் சம்பாதிச்சவர் பிரின்ஸ், 5 கோடியே 65 லட்சம் டாலர்.

சிடிக்கு மட்டும் தனியா போட்டா, தலைக்கு 10 டாலர்னு வச்சாலும் ஒரு கோடியே 47 லட்சம் டாலர். ஒரு சிடி அடிக்க ஆகற செலவு ஒரு டாலர் கூட வராது. கடைக்காரனுக்கு பங்கு இல்ல. திரும்பி வர்ற சரக்கு இல்ல, இது பெரிய விஷயம், ஏன்னா இசைக் கடைகள் விக்காததை கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடும், அந்தக் கணக்கு முடிய மாசக்கணக்கா ஆகும், இங்க சிடி கைக்குப் போறதுக்கு முன்னாடியே காசு வந்தாச்சு. அரங்கத்துல டி-ஷர்ட் விக்கற ஸ்டால்ல வச்சு வித்திருந்தா அதுல அரங்கத்துக்காரனும் ஒரு பங்கு எடுப்பான், அதையும் மிச்சம் பண்ணியிருப்பாருன்னு நினைக்கறேன், இது என் ஊகம்தான்.

நடுவுல மேடை

இந்த டூர்ல மேடை அரங்கத்துக்கு நடுவுல. சுத்தி நாலு பக்கமும் ஜனம். பாக்க அழகா இருக்கும்கறதுக்காக மட்டும் இல்ல, இதுலயும் கணக்கு இருக்கு. கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி ஆடறதுக்கு கட்டின அரங்கங்கள் இதெல்லாம், நடுவுல தளம், சுத்தி இருக்கை. வழக்கமான ராக் ஷோவுல ஒரு ஓரத்துல மேடை போட்டு பின்னாடி பெரிய திரை, லைட் எல்லாம் கட்டிடுவாங்க, அப்ப மேடைக்குப் பின்னாடி இருக்கற இருக்கை எல்லாம் செத்துப் போச்சு, விக்க முடியாது. நடுவுல போட்டா அதெல்லாம் உயிர் பெத்துரும். டிக்கெட் விலையை ஏத்தாம வசூலை ஏத்தற வழி அதுதான், இருக்கையை கூட்டறது.

ஆனா நடு மேடை மேடைக்காரங்களுக்கு தலைவலி. பின்னாடின்னு ஒண்ணு இல்லாததால மறைக்க இடமே கிடையாது. ஸ்பீக்கரை எல்லாம் மேல இருந்து நாலு பக்கமும் பாக்கற மாதிரி தொங்க விடணும், லைட்டும் மேலதான், கூரையில ஏத்தற எடை கூடும், எந்த இரும்புல எவ்வளவு தொங்கலாம்னு முன்கூட்டியே பாத்து வைக்கணும். டிரம்ஸ் எந்தப் பக்கம் பாத்து வச்சாலும் ஒரு பக்கத்துக்கு முதுகுதான். பாடறவர் ஒரு பக்கமே பாடிட்டு இருந்தா மூணு பக்கம் கடுப்பாகும். இதை சமாளிக்க ஆடத் தெரிஞ்ச, ஓடத் தெரிஞ்ச, ஒரு நிமிஷம் நிக்காத ஆள் வேணும், அந்த வகையில 45 வயசுல பிரின்ஸுக்கு நடு மேடைன்னா மீனுக்கு தண்ணி. பேண்டும் லேசுப்பட்டது இல்ல: டிரம்ஸ்ல ஜான் பிளாக்வெல், பேஸ்ல ரோண்டா ஸ்மித், சாக்ஸஃபோனுக்கு மேசியோ பார்க்கர், கேண்டி டல்ஃபர், கீபோர்டுக்கு ரெனாட்டோ நெட்டோ. மேசியோ பார்க்கர், ஃபங்க் இசை ஜாம்பவான் ஜேம்ஸ் பிரவுன் கூட வாசிச்சவர், அவரை கூட வச்சுக்கிட்டு 'நிஜமான வாத்தியம் வாசிக்கற இசை'ன்னு ஒருத்தர் பேசினா யார் மறுத்துப் பேசறது.

ஷோவோட நடுவுல பேண்ட் மொத்தமும் இறங்கிடும். சுத்தற ஸ்டூல் ஒண்ணு, ஒரு அகௌஸ்டிக் கிதார், பிரின்ஸ் மட்டும். பழைய ஹிட் பாட்டுகளை ஒண்ணொண்ணா எடுத்து ஒரு சரணம், அரை பல்லவின்னு வாசிச்சுட்டு நிறுத்துவாரு, ஸ்டூலை கொஞ்சம் திருப்புவாரு, அடுத்த பக்கம் இருக்கறவங்களுக்கு முகம் காட்டுவாரு, கூட்டம் மீதிப் பாட்டை பாடி முடிக்கும். கடல் மாதிரி கூட்டத்தை ஒரு ஸ்டூலை திருப்பியே கட்டிப் போடறது, அதுக்கு லைட்டு கிடையாது, திரை கிடையாது, செலவு கிடையாது. அந்த டூர் பத்தி பேசறவங்க முக்கால்வாசி பேர் இந்த இடத்தைத்தான் சொல்லுவாங்க, கடைசியில வர்ற பர்ப்பிள் ரெயினைக் கூட இரண்டாவதாத்தான் சொல்லுவாங்க.

இப்ப கவனிங்க, அவங்க சொல்றது எல்லாமே பழைய பாட்டு. மூத்த கலைஞர் புது ஆல்பத்துக்கு டூர் போறப்ப எப்பவும் இருக்கற சங்கடம் இதுதான். 'இது என் புது ஆல்பத்துல இருந்து'ன்னு மைக்ல சொன்ன அடுத்த நொடி ஜனம் பாத்ரூம் பக்கம் கிளம்பும். இந்த டூருக்கு விளம்பரமே 'பழைய ஹிட்டெல்லாம் கடைசி தடவையா வாசிக்கறாரு'ங்கற மாதிரிதான் போச்சு (கடைசி தடவை எல்லாம் இல்ல, அதுக்கப்புறமும் நிறைய வாசிச்சாரு, கலைஞர்களோட 'கடைசி'யை நம்பி கடன் வாங்கி டிக்கெட் எடுக்காதீங்க). அப்ப சிடி என்ன வேலை செஞ்சுது? கேட்டுட்டு வந்து ரசிக்கறதுக்கு இல்ல, ஏன்னா வாசல்லதான் கைக்கே வருது, உள்ள உக்காந்து கேக்க முடியாது. ஷோ முடிஞ்சு, காதுல ரீங்காரம் நிக்காம, பார்க்கிங்ல வண்டி நகராம வரிசையில நிக்கறப்ப அந்த உறையைப் பிரிச்சு கார் பிளேயர்ல போடுவாங்க பாருங்க, அந்த நேரம்தான் அந்த ஆல்பத்துக்கு ரேடியோ. ரெண்டு மணி நேரம் மனுஷனை நேர்ல பாத்துட்டு வந்த சூட்டோட ஆல்பத்தை முதல் தடவையா கேக்கறது. அதைவிட நல்ல விளம்பர நேரத்தை எந்த ரேடியோ ஸ்டேஷன் விக்கும்? ஆல்பத்தை காட்டி டூருக்கு ஆள் சேக்கறதுங்கற வழக்கத்தை இவர் அப்படியே திருப்பிப் போட்டாரு, டூரைக் காட்டி ஆல்பத்தை வீட்டுக்குள்ள அனுப்பினாரு.

சார்ட்டுக்காரங்க விழிச்ச கதை

1991க்கு முன்னாடி பில்போர்டு ஆல்பம் சார்ட் எப்படி தயாராச்சுன்னா கடைகளுக்கு போன் போட்டு எது நல்லா விக்குதுன்னு கேட்டு எழுதிக்கறது. கடைக்காரன் சொன்னதுதான் வேதம், லேபிள்காரன் கொஞ்சம் கவனிச்சா கடைக்காரன் கொஞ்சம் கூட்டி சொல்லுவான். 1991 மே மாசம் சவுண்ட்ஸ்கேன் முறை வந்துச்சு, கல்லாவுல பார்கோடு ஸ்கேன் ஆனாத்தான் ஒண்ணுன்னு கணக்கு. இந்த முறைக்கு அடியில எழுதாத ஒரு நம்பிக்கை இருக்கு: ஒருத்தர் கடைக்கு வந்து, அலமாரியில நூறு ஆல்பம் இருக்க, இதை எடுத்து, பாக்கெட்ல கை விட்டு காசு கொடுத்தாரு. அதாவது சார்ட் எண்ணறது சிடியை இல்ல, அந்த விருப்பத்தை.

பிரின்ஸ் டூர் இந்த நம்பிக்கையோட இடுப்புல அடிச்சுது. அரங்கத்துல கொடுத்த சிடி எல்லாம் விற்பனைன்னு கணக்குல ஏறுச்சு, காசு வாங்கியிருக்காங்க, பொருள் கொடுத்திருக்காங்க, விதிப்படி தப்பே இல்ல. ஆல்பம் பில்போர்டு 200ல (அந்த ஆல்பம் சார்ட்டோட பேர்) வந்த உடனே 3ஆம் இடத்தைப் பிடிச்சுது, பத்து வருஷத்துக்கு மேல அவர் தொடாத உயரம். அதுல கடைகள்ல வித்ததும் நிறைய இருக்கு, வெறும் அரங்கக் கணக்குன்னு ஒதுக்கிட முடியாது. ஆனா பிரச்சினை அடுத்தடுத்த வாரம்தான். சாதாரண ஆல்பம் முதல் வாரம் பாய்ஞ்சிட்டு அப்புறம் சரியும். இது சரியாது, ஏன்னா டூர் நடக்கற வாரமெல்லாம் 15,000 பேர் வர்ற அரங்கம்னா ஒரு ராத்திரிக்கு 15,000 சிடி போயிட்டே இருக்கும், வாரத்துக்கு நாலு ஷோன்னா 60,000, மழையோ வெயிலோ, பாட்டு ரேடியோவுல ஓடுதோ இல்லையோ. மத்த லேபிள்காரங்க சும்மா இருப்பாங்களா.

மே கடைசியில பில்போர்டும் நீல்சன் சவுண்ட்ஸ்கேனும் விதியை மாத்தினாங்க. இனிமே டிக்கெட்டோட ஆல்பம் சேர்த்து வித்தா, வாங்கறவருக்கு ஆல்பம் வேணும் வேணாம்னு சொல்ற வாய்ப்பு இருக்கணும், வேணாம்னா விலை குறையணும், அப்பத்தான் கணக்குல சேரும். ஆனா ஏற்கனவே ஓடிட்டு இருந்த மியூசிகாலஜிக்கு இது பொருந்தாதுன்னு விட்டுட்டாங்க. டூர் செப்டம்பர்ல முடிஞ்சுது, ஆல்பம் டபுள் பிளாட்டினம் (20 லட்சம் பிரதிக்கான சான்று) ஆச்சு, அடுத்த வருஷம் ரெண்டு கிராமி, ரெண்டும் ஆர் அண்ட் பி பிரிவுல.

யார் பக்கம் நியாயம்? ரொம்ப நாள் நான் பிரின்ஸ் கட்சிதான். கொசுறுன்னா காசு வாங்காம கொடுக்கறது, இவர் காசு வாங்கினாரு, அப்ப விற்பனைதான், முடிஞ்சுது கதைன்னு. ஆனா அந்த நாலு சிடியோட வீட்டுக்குப் போன குடும்பத்தை நினைச்சா அந்த வாதம் ஆட்டம் காணுது. அவங்க வாங்கினது ஒரு ஆல்பம், மீதி மூணும் அவங்க தலையில கட்டினது. கொசுறும் இல்லாம, ஆசைப்பட்டு வாங்கினதும் இல்லாம நடுவுல ஒரு ஜாதி. அப்படின்னு சொல்லிட்டு, பில்போர்டு பக்கமும் முழுசா சாய முடியல, ஏன்னா கடையில நஷ்டத்துக்கு விலை குறைச்சு சிடியை வச்சு ஆளை உள்ள இழுத்து டிவி வித்த பெரிய சங்கிலிக் கடைகளோட விற்பனையை யாரும் கேள்வி கேக்கல. அங்கயும் சிடி தூண்டில் புழுதான். கடைக்காரன் தூண்டில் போட்டா வியாபாரம், பாட்டுக்காரன் போட்டா மட்டும் தில்லுமுல்லா? என் கணக்குல புது விதி நியாயமான விதி, ஆனா வந்த காரணம் நியாயம் இல்ல, பொறாமை.

லண்டன்

மூணு வருஷம் கழிச்சு இதே ஆள் இதையே இன்னும் முத்தின வடிவத்துல பண்ணினாரு. 2007 ஜூலை 15, பிரிட்டன்ல தி மெயில் ஆன் சண்டே பேப்பரோட புது ஆல்பம் பிளானெட் எர்த் இலவசமா. பேப்பர் விலைக்கு முழு ஆல்பம். அங்க விநியோகம் பண்ண வேண்டிய சோனி பிஎம்ஜி கோவப்பட்டு பிரிட்டன்ல ஆல்பத்தை வெளியிடவே மாட்டேன்னுடுச்சு, இசைக் கடைக்காரங்க கொதிச்சாங்க. இவர் அசரல. ஆகஸ்ட் 1ல இருந்து செப்டம்பர் 21 வரைக்கும் லண்டன் ஓ2 அரங்கத்துல 21 ராத்திரி, டிக்கெட் 31 பவுண்டு 21 பென்ஸ், எல்லா இருக்கைக்கும் ஒரே விலை, 3121ங்கறது அவரோட முந்தின ஆல்பத்தோட பேர். சுமார் 3 லட்சத்து 51 ஆயிரம் பேர் பாத்தாங்க, 2 கோடியே 20 லட்சம் டாலர் வசூல். ஊர் ஊரா லாரி ஓட்டாம, மேடையை ஒரு தடவை கட்டிட்டு ஊரையே வரவழைச்ச கணக்கு. டூர்ல பெரிய செலவு எதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்: தினமும் ராத்திரி எல்லாத்தையும் கழட்டி லாரியில ஏத்தி, காலைல அடுத்த ஊர்ல இறக்கி மறுபடி தொங்க விடறதுதான், அந்தக் கூலி, டீசல், ஓட்டல் எல்லாமே.

லண்டன்ல சிடி உண்மையிலேயே கொசுறு ஆயிடுச்சு, சார்ட் பத்தி அவர் கவலையே படல. 2004ல சார்ட்டும் வேணும் காசும் வேணும்னு ரெண்டு பக்கமும் கை நீட்டினவர், 2007ல ஒரு கையை மடக்கிக்கிட்டாரு. ஆனா பேப்பர்காரன் ஒரு தொகை கொடுத்துதான் அந்த ஆல்பத்தை வாங்கினான், அதனால இலவசம்ங்கறது வாசகனுக்கு மட்டும்தான், பிரின்ஸுக்கு இல்ல.

அப்புறம் வந்தவங்க

வாங்கறவரை கேட்டுக் கொடுன்னு வந்த விதி நாள் போகப் போக வேற உருவம் எடுத்துச்சு. டிக்கெட் வாங்கினா ஒரு கோடு (ரகசிய எண்) ஈமெயில்ல வரும், அதைப் போட்டு ஆல்பத்தை எடுத்துக்கிட்டா அது ஒரு விற்பனை. 2014ல டாம் பெட்டியோட ஹிப்னாடிக் ஐ இப்படி டிக்கெட்டோட போச்சு, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு ஆல்பம் முதல் இடத்துக்கு வந்துச்சு. அப்போ அவருக்கு 63 வயசு. ஹால் ஆஃப் ஃபேம் ராத்திரி பிரின்ஸ் பக்கத்துல நின்னு பாடினவர்தான்.

பான் ஜோவி ராக் குழுவோட கதை இன்னும் வேடிக்கை. 2016 நவம்பர்ல முதல் இடத்துல வந்து, அப்புறம் எல்லாரும் மறந்த ஆல்பம், 2018 மார்ச்ல டூர் டிக்கெட்டோட சேர்த்து கொடுத்ததுல திடீர்னு மறுபடி முதல் இடம். அடுத்த வாரம் 169. ஒண்ணுல இருந்து நேரா நூத்தி அறுபத்தொன்பது. அந்த ஒரு வாரத்துல அந்த ஆல்பத்தை யாரும் புதுசா விரும்பவும் இல்ல, அடுத்த வாரம் வெறுக்கவும் இல்ல, கோடு போட வேண்டியவங்க எல்லாம் ஒரே நேரத்துல போட்டுட்டாங்க, அவ்வளவுதான். பிரின்ஸோட சிடி வாராவாரம் ஒழுகிட்டே இருந்துச்சு, இது அணை உடைஞ்ச மாதிரி கொட்டி முடிஞ்சுது. அதே வருஷம் ஆகஸ்ட்ல டிராவிஸ் ஸ்காட் ஆல்பத்துக்கு கீழ தன் ஆல்பம் ரெண்டாவதா நின்னப்ப, இந்த சேர்த்துக் கட்டி விக்கறதைத்தான் சாடி நிக்கி மினாஜ் பொதுவுலயே பொங்கினாங்க. ராக் கிழங்களோட தந்திரம்னு நினைச்சதை ஹிப்-ஹாப்காரங்க டி-ஷர்ட், தொப்பி, அடுத்த டூர் டிக்கெட்டுக்கு முன்னுரிமைன்னு வளத்துட்டாங்க.

2020 ஜூலைல பில்போர்டு கடைசியா ஒரு எல்லைக்கோடு போட்டுச்சு. டிக்கெட்டோடயோ துணிமணியோடயோ சேர்த்துக் கட்டின ஆல்பம் கணக்குல வராது, தனி விலை போட்டு, வேணும்னா சேத்துக்கலாம்னு வச்சு, ரசிகனே தேர்ந்தெடுத்தா மட்டும் வரும்னு. நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 9. கொரோனாவால அமெரிக்காவுல பெரிய அரங்கக் கச்சேரியெல்லாம் நின்னு கிடந்துச்சு, ஸ்டேபிள்ஸ் சென்டர் உட்பட, ஆல்பத்தை சேர்த்துக் கொடுக்க அப்போ டூர் டிக்கெட்டே கிட்டத்தட்ட இல்ல.